விலாசத்தில் ஒரு கேள்விக்குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இணையத்தின் தொடக்ககாலத் தேடல் சேவைகளைப் பற்றி வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். ஆர்ச்சி, கோஃபர், வெய்ஸ் என்று இன்றைய மாணவர்கள் கேள்விப்பட்டே இராத பெயர்களை நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஆனால், இணைய முகவரியின் வாலில் ‘?q=கோட்டையூர்’ என்பதுபோல் தொங்கும் கேள்விக்குறியும் சமக்குறியும் கணினிக்காரர்களின் கிறுக்கல், வாசகர் அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற பொருள்பட அதில் ஒரு வரி இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டவணை அட்டைகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் அந்த வரியை என்னால் ஒப்ப முடியவில்லை. அந்தக் கேள்விக்குறி, தேடுகிற செயலையே எழுதிக் கொடுக்கத்தக்க ஒரு விலாசமாக மாற்றியது. அதன் அருமையை நம் தமிழ்த் தளங்களை அமைப்போர் உணராததால் நாம் சிறிது சிறிதாக இழந்துவருவதைச் சொல்லவே இக்கடிதம்.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இணைய முகவரிக்கு வடிவம் கொடுத்தபோது, கூடியவரை மக்களுக்கு வேறு இடங்களில் பழகிப்போன குறிகளையே எடுத்துக்கொண்டார். ஒற்றைச் சாய்கோடு யூனிக்ஸ் கணினிகளில் கோப்பின் பாதையை எழுதும் வழக்கிலிருந்து வந்தது. இரட்டைச் சாய்கோடு அப்பல்லோ கணினிகளின் வலையமைப்பிலிருந்து வந்தது. அது தேவையற்ற சுமைதான் என்று 2009இல் அவரே ஒப்புக்கொண்டார். பக்கத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் # என்ற குறி, அமெரிக்க அஞ்சல் முகவரியில் கட்டடத்துக்குள் இருக்கும் குடியிருப்பின் எண்ணுக்கு முன்னால் போடப்படுவது. செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் குறியை விளக்கவே வேண்டியதில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டுக்குத் தபால் இலாகாவைப் பொறுத்தவரை ஒரே கதவிலக்கம்தான். ஆனால் நடு முற்றமான வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், தனித்தனி அறை உண்டு. தபால்காரர் முகப்போடு நின்றுவிடுவார்; கடிதத்தை உரிய அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டில் இருப்பவர் பொறுப்பு. # குறிக்குப் பின்னால் எழுதுவதும் அப்படித்தான்: பக்கத்தை வைத்திருக்கும் கணினியான சேவையகத்துக்கு அது போவதே இல்லை. பக்கம் வந்து சேர்ந்த பிறகு, நம் கையிலுள்ள உலாவிதான் அந்த இடத்தைத் தேடிக் காட்டுகிறது.

கேள்விக்குறி இந்த வரிசையில் வேறு வகையானது. மற்ற குறிகளெல்லாம் ‘எங்கே’ என்பதைச் சொல்ல, இது ஒன்றுதான் ‘என்ன வேண்டும்’ என்பதைச் சொல்கிறது. 1994 ஜூனில் பெர்னர்ஸ்-லீ எழுதி வெளியான ஆர்.எஃப்.சி. 1630 என்ற ஆவணம் (இணைய நெறிமுறைகளைப் பதிவுசெய்யும் வரிசையின் பெயர் ஆர்.எஃப்.சி.) இதைத் தெளிவாகவே வரையறுக்கிறது: கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது வினவத்தக்க ஒரு பொருளின் முகவரி, பின்னால் இருப்பது அதனிடம் கேட்கும் சொற்கள். சொற்களுக்கிடையே இடைவெளி விட முடியாத கணினி அமைப்புகள் அக்காலத்தில் இருந்ததால், இடைவெளிக்குப் பதிலாகக் கூட்டல்குறியை வைத்தார்கள். இன்றும் நாம் இரண்டு சொற்களைத் தேடினால் நடுவே கூட்டல்குறி முளைப்பதைப் பல தளங்களில் காணலாம். உண்மையாகவே கூட்டல்குறியைத் தேட நினைப்பவர் பாடு திண்டாட்டம். அதை வேறொரு குறியீடாக மாற்றி எழுத வேண்டும்.

இதெல்லாம் ஏட்டளவில் எழுந்த யோசனை அல்ல. செர்னில் வலைக்கு முதலில் ஆள் சேர்த்தது ஆய்வுக்கட்டுரைகளைவிட அங்கிருந்த தொலைபேசிப் புத்தகம்தான். யாருடைய எண் வேண்டுமோ அவர் பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பதில் ஒரு பக்கமாகத் திரும்பி வரும். அக்காலப் பக்கங்களில் தேடுவதற்கென அழகான பெட்டி எதுவும் கிடையாது. ‘இது தேடத்தக்க அட்டவணை’ என்று பக்கத்தின் தலையில் ஓர் அடையாளம் மட்டும் இருக்கும். உலாவி அதைப் பார்த்து நம்மிடம் சொல்லைக் கேட்டு வாங்கும். 1990களின் பிற்பகுதியில், வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனத்தின், படமே வராத இணையக் கணக்கொன்றில், நண்பர் ஒருவரின் கறுப்புத் திரையில் அந்தக் கேள்வியை முதன்முதலாகப் பார்த்தபோது, நூலக அட்டவணைப் பெட்டியின் இழுப்பறையே எதிரில் வந்து நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

சமகாலத்துச் சேவைகள் இதே சிக்கலை வெவ்வேறு விதமாகக் கையாண்டன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1991இல் பிறந்த கோஃபரில், தேடும் சொல்லுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ‘டேப்’ இடைவெளி வரும். அதை முகவரியாக எழுத வேண்டி வந்தபோது, சதவீதக் குறியோடு 09 என்ற எண்ணாக மாற்றி எழுதும்படி 1994 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1738 விதித்தது. கண்ணால் காண முடியாத ஒன்றைப் பிரிகோடாக வைத்தால் மனிதர் அதைக் கையால் எழுத முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். புரூஸ்டர் கேல் முன்னின்று உருவாக்கிய வெய்ஸ், நூலகங்கள் ஒன்றன் அட்டவணையை மற்றொன்று தேடுவதற்காக வகுத்த இசட்39.50 நெறிமுறையின் வழிவந்தது. அதற்கும் அதே ஆவணம் தளத்தின் பெயர், தரவுத்தளத்தின் பெயர், கேள்விக்குறி, தேடும் சொல் என்ற வரிசையையே கொடுத்தது. கோஃபரும் வெய்ஸும் மறைந்துவிட்டன. கேள்விக்குறி மட்டும் நிலைத்தது. 1995 டிசம்பரில் வந்த ஆல்டா விஸ்டா ஆனாலும், பின்னால் வந்த கூகுள் ஆனாலும் அந்தக் குறியின் மேல்தான் நின்றன. யாஹூ தேடும் சொல்லுக்கு முன் ‘பி’ என்ற எழுத்தையும் கூகுள் ‘க்யூ’ என்ற எழுத்தையும் வைத்தன என்பது போன்ற வேறுபாடுகள் அவரவர் விருப்பம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: முடிவில்லாத பக்கங்களுக்குள் சிக்கிக்கொள்வோம் என்று அஞ்சி, பிறர் தளங்களில் கேள்விக்குறி உள்ள முகவரிகளைத் தொடாமலே பல தேடுபொறிகள் அக்காலத்தில் ஒதுங்கிப்போயின.

குறிகளால் பொருளை வேறுபடுத்தும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். இரங்கநாதன், 1933இல் வெளியிட்ட தம் நூற்பகுப்பு முறைக்கு முக்காற்புள்ளியின் பெயரையே சூட்டினார். பின்வந்த பதிப்புகளில் காற்புள்ளி வந்தால் அடுத்தது இன்ன வகைச் செய்தி, அரைப்புள்ளி வந்தால் இன்னது, முக்காற்புள்ளி வந்தால் இன்னது என்று, குறியைப் பார்த்த அளவிலேயே நூலகர் அறியும்படி அதை விரிவாக்கினார். எங்கள் கல்லூரியில் நூல்களின் முதுகில் அந்தக் குறிகளை இந்திய மையால் எழுதும்போது, ஒரு புள்ளி தவறினால் நூல் வேறு அலமாரிக்குப் போய்விடும் என்ற அச்சத்தோடுதான் எழுதுவோம். முகவரியின் இலக்கணத்தைக் கிறுக்கல் என்று சொன்னபோது எனக்கு உறைத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வரிசையைப் பற்றியும் ஒரு சொல். பெர்னர்ஸ்-லீக்குத் தம் வடிவத்தில் நிறைவில்லாத இடம் ஒன்று உண்டு. தளத்தின் பெயர் சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறது. அதன்பின் வரும் பாதையோ பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகிறது. எல்லாவற்றையும் பெரியதிலிருந்தே தொடங்கி ஒரே சீராக எழுதியிருக்கலாம் என்று அவர் பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ‘விலாசம்’ என்ற சொல்லுக்கு முகவரி என்பதோடு, தொழில் நடத்தும் குடும்பத்தின் தலைப்பெழுத்துத் தொடர் என்ற பொருளும் உண்டு. பாட்டனார் எழுத்து முதலில், தகப்பனார் எழுத்து அடுத்து, கடைசியில் தன் பெயர். ரங்கூன் முகல் தெருவுக்குப் போன பழைய உறைகளைப் பார்த்தால், மேல்வரியில் விலாசம் மூத்தவரிலிருந்து இளையவருக்கு இறங்கும். கீழ்வரிகளில் இடம் கதவிலக்கத்திலிருந்து நகரத்துக்கு ஏறும். இரண்டு திசையும் ஒரே உறையில். அதனால் எந்தக் கடிதமும் தவறிப்போனதாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே, இந்த ஒரு குறையைப் பெர்னர்ஸ்-லீ பெரிதுபடுத்திக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இனி, கேள்விக்குறியைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம். சென்ற ஆண்டு, பழைய தமிழ் இதழ்களை எண்மப்படுத்தி வைத்திருக்கும் ஒரு வலைத்தளத்தில் ‘கோட்டையூர்’ என்று தேடினேன். வந்த முடிவுகளில், எங்கள் குடும்ப விலாசம் பொறித்த ஒரு விளம்பரம் இருந்தது. பினாங்கில் இருக்கும் என் பெரியப்பச்சி மகள் ஆச்சிக்கு (எங்கள் பக்கத்தில் பெரியப்பாவைப் பெரியப்பச்சி என்றும் அக்காவை ஆச்சி என்றும் அழைப்போம்), உலாவியின் தலையில் இருந்த முகவரியை அப்படியே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிறிது நேரத்தில் குரல்பதிவு வந்தது: “தம்பி, நீ அனுப்பினதைத் தட்டினா முகப்புதான் வருது, உள்ளே விடமாட்டேங்குது.” ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. அந்தத் தளத்தை அமைத்தவர்கள், தேடும் சொல்லை முகவரியில் வைக்காமல், மூடிய உறைக்குள் வைத்து அனுப்பும் வழியைத் தேர்ந்திருக்கிறார்கள். முடிவுகள் என் திரையில் வந்தன. ஆனால் அந்த முடிவுகளுக்கென்று ஒரு விலாசம் உருவாகவே இல்லை. நான் பார்த்ததை அவர் பார்க்க வேண்டுமானால், அதே தளத்துக்குப் போய், அதே சொல்லை அதே எழுத்துகளில் தட்டி, ஏழாவது பக்கம் வரை புரட்ட வேண்டும். எழுபத்தைந்து வயது ஆச்சிக்கு அதைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மூடிய உறை கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடவுச்சொல், பணம், மாற்றம் செய்யும் எந்த ஆணையும் மூடிய உறையில்தான் போக வேண்டும். தன் நோயைப் பற்றி ஒருவர் தேடும் சொல், முகவரியில் வெளிப்படையாக இருந்தால் வழியிலுள்ள பதிவேடுகளிலெல்லாம் ஏறிவிடும் என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் பொதுமக்களுக்கென்றே திறந்துவைத்த பழைய இதழ்களையும் கல்வெட்டுகளையும் தேடுவதில் மறைக்க என்ன இருக்கிறது? வெறுமனே படித்துப் பார்ப்பதற்கான வேண்டுகோளைத் திறந்த முகவரியிலும், எதையேனும் மாற்றுவதற்கான வேண்டுகோளை மூடிய உறையிலும் அனுப்புவது என்ற பிரிவினை தொடக்கம் முதலே வலையின் நெறியாக இருந்துவருகிறது. நூலகத்தில் ஆய்வு மாணவருக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்போமே, அந்தச் சீட்டுக்கு இணையத்தில் சமமானது கேள்விக்குறியோடு கூடிய முகவரிதான்.

தமிழுக்கென்று உள்ள தனிக்குறை இதைவிடப் பெரிது. முகவரியில் வரத்தக்க எழுத்துகளாக 1994இல் ஒப்புக்கொள்ளப்பட்டவை ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டுமே. மற்ற எதுவும் பைட்டு பைட்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, அதன்பின் இரண்டு குறியீடுகள் என்று மூன்று இடத்தை அடைத்துக்கொள்ளும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் தனித்தனிக் குறியீட்டெண் கொடுக்கும் யூனிகோடின் இன்றைய வழக்கமான யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டெண்ணுக்கும் மூன்று பைட்டு. ஆக ஒவ்வொன்றும் ஒன்பது இடம். உயிர்மெய்யெழுத்து பெரும்பாலும் இரண்டு குறியீட்டெண் சேர்ந்தது. கோட்டையூர் என்ற ஐந்தெழுத்து, பத்துக் குறியீட்டெண்களாகி முகவரியில் 90 இடத்தைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் ஒன்பதே இடத்தில் முடிந்துவிடும். ‘காரைக்குடி கொப்புடையம்மன் கோயில்’ என்ற மூன்று சொல்லைத் தேடினால், நடுவிலுள்ள இரண்டு கூட்டல்குறிகளையும் சேர்த்து 272 இடம். பழைய மென்பொருள்கள் சில திணறக்கூடும் என்பதால் 255 பைட்டுக்கு மேற்பட்ட முகவரிகளை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் நெறிமுறை ஆவணம் சேவையகங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. அதாவது, எங்கள் ஊர் அம்மன் கோயிலை இந்த முறையில் தமிழில் தேடுபவர் அந்த எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்.

அதற்கும் முந்தைய நிலை இன்னும் மோசம். தமிழ் நூல்களை மின்வடிவில் இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்றவை டிஸ்கி குறியீட்டில் இயங்க, செய்தித்தளங்கள் தத்தம் எழுத்துருவுக்கு ஏற்ப வேறுவேறு குறியீட்டில் இயங்கின. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியீடுகளும் வந்தன. ஒரே சொல் ஒவ்வொரு குறியீட்டிலும் ஒவ்வொரு முகவரி ஆனதால், ஓரிடத்தில் கேட்ட கேள்வி மற்றோரிடத்தில் செல்லாது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபின் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது.

பெருமளவு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று; இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட ஏடுகளில் இரண்டாவது வகை இன்றும் கிடக்கிறது. முதல் வகையில் எழுதிய கோட்டையூர் 90 இடம், இரண்டாவது வகையில் எழுதியது 99 இடம். இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று யூனிகோடு விதித்திருந்தும், அதைப் பின்பற்றாத தளத்தில் ஒரு கோட்டையூரைத் தேடினால் மற்றக் கோட்டையூர் கிடைக்காது. முன்பு சொன்ன தளத்தில் நானே இரண்டு விதமாகவும் தட்டிப் பார்த்தேன். இருவேறு முடிவுகள் வந்தன. எங்கள் குடும்ப விளம்பரம் இரண்டாவது கோட்டையூரில்தான் இருந்தது.

முகவரியில் உலக எழுத்துகள் அனைத்தையும் அப்படியே எழுதிக் காட்டுவதற்கான விதி 2005 ஜனவரியிலேயே வந்துவிட்டது. இப்போது பல உலாவிகள் மேலே தமிழாகக் காட்டி, உள்ளுக்குள் மட்டும் சதவீதக் குறிகளாக மாற்றிக்கொள்கின்றன. ஆனால் அதைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெரும்பாலும் குறிக்கூட்டமே விழுகிறது. அதைப் பார்த்தவர் இது ஏதோ மோசடி இணைப்பு என்று தட்டவே அஞ்சுகிறார். என் மைத்துனர் அப்படி நினைத்துத்தான் நான் அனுப்பிய பிள்ளையார்பட்டிக் கல்வெட்டுப் பக்கத்தை அழித்துவிட்டார்.

தங்கள் நாளிதழின் பழைய இதழ்களை விரைவில் இணையத்தில் தேடத்தக்கதாக ஆக்கவிருப்பதாக அதே இணைப்பில் அறிவித்திருக்கிறீர்கள். அதை அமைப்பவர்களிடம் தாங்கள் வற்புறுத்த வேண்டியவை பெரிய செலவு பிடிப்பன அல்ல. தேடும் சொல் கேள்விக்குறிக்குப் பின்னால் திறந்த முகவரியில் நிற்கட்டும். தேதியும் பதிப்பும் அதனுடன் சேர்ந்து நிற்கட்டும். அந்தச் சொல்லுக்கு முன்னால் வரும் அடையாளத்தை ‘சொல்’ என்று தமிழிலேயே வைக்கலாமே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கே 36 இடம் வீணாகும் என்பதால் அங்கே ஓர் ஆங்கில எழுத்து போதும். தமிழ் நிற்க வேண்டிய இடம் சமக்குறிக்குப் பிந்தைய இடம். எந்தக் ‘கோ’வில் கேட்டாலும் ஒரே விடை வரட்டும். படியெடுக்கும் பொத்தான் ஒன்றை வைத்தால், அது குறிக்கூட்டத்தை விடுத்துத் தமிழ் முகவரியையே கொடுக்கட்டும். இன்று கொடுக்கும் முகவரி பத்தாண்டு கழித்தும் திறக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளை மாற்றும்போதெல்லாம் முகவரியை மாற்றுவது, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் கதவிலக்கத்தை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். அந்தக் கட்டுரையின் இறுதியில் அச்சிட்டிருந்த இணைய முகவரி, பத்தியின் அகலம் போதாமல் இரண்டு வரியாக ஒடிந்து, ஒடிந்த இடத்தில் ஓர் இடைக்கோடும் சேர்ந்துவிட்டது. அச்சுக்கோப்பில் இப்படி நேரும் என்று ஆர்.எஃப்.சி. 1738 எழுதியவர்கள் 1994லேயே எச்சரித்திருக்கிறார்கள்: வரி முடிவில் இடைக்கோடு வந்தால் அது முகவரியைச் சேர்ந்ததா, அச்சகத்தைச் சேர்ந்ததா என்று தெரியாது என்பது அவர்கள் கவலை. எனக்கும் தெரியவில்லை, இரண்டு விதமாகவும் தட்டிப் பார்த்துத்தான் கண்டேன். அது அச்சகத்தின் இடைக்கோடு. வரும் ஞாயிறு இணைப்பில் அந்த முகவரியை ஒரே வரியில், இடைக்கோடின்றி மீண்டும் வெளியிட்டால், கட்டுரையைக் கத்தரித்துக்கொண்டு என்னிடம் வழிகேட்டு வந்த இரண்டு மாணவர்களிடம் அதைக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
கோட்டையூர், காரைக்குடி வட்டம்.